4 அடி பஞ்சிங் பேக்: செட்டிநாட்டு வீட்டில் மாட்டிப் பார்த்தால்

பஞ்சிங் பேக் என்று ஆன்லைனில் தேடினால் முதல் பக்கம் முழுக்க வந்து நிற்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். மீரட் அல்லது ஜலந்தர் பக்கம் தைத்த 4 அடி ரெக்சின் உறை, உள்ளே ஒன்றும் இல்லாமல் மடித்து அட்டைப்பெட்டியில் வரும். கூடவே நாலு கால் சங்கிலி ஒன்று. சில கம்பெனிகள் ஓசியாக ஒரு ஜோடி கிளவுஸும் போட்டு அனுப்புகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பாக்ஸிங் ஆசைப்படுகிற பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். இதில் குத்திப் பழகினால் எதிராளி பயப்படுகிற பாக்ஸர் ஆகலாமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறோம்: உறைக்கு ஐந்துக்கு மூன்றரை, சங்கிலிக்கு ஒன்று, ஓசிக் கிளவுஸுக்கு முட்டை.

கேள்விக்கு வருவோம். எதிராளிகள் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்? வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அடியின் பலம் மட்டும்தான் தெரியும். பலத்துக்கு எர்னி ஷேவர்ஸைச் சொல்லலாம். ஹெவிவெயிட்டில் 74 வெற்றி, அதில் 68 நாக்-அவுட். 1979-ல் லாரி ஹோம்ஸை ஏழாவது ரவுண்டில் ஒரே வலது கையில் மல்லாக்கப் போட்டார். ஹோம்ஸ் எழுந்து வந்து பதினோராவது ரவுண்டில் சண்டையை முடித்துவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் முகமது அலியோடு 15 ரவுண்டு ஆடி, பாயிண்டில் தோற்றார் ஷேவர்ஸ். கடைசிவரை உலகப் பட்டம் அவர் கைக்கு வரவே இல்லை. ஒரு அடிக்கு எல்லோரும் பயந்தார்கள், ஆனால் அந்த அடி வராத நேரங்களில் அவரைச் சமாளிக்க முடிந்தது.

சமாளிக்கவே முடியாதவர்கள் வேறு ரகம். சோனி லிஸ்டனின் உயரம் 6 அடி 1 அங்குலம், கைவீச்சு 84 அங்குலம். ஜாப் என்பது முன்னால் நிற்கிற கையை நேராக நீட்டிப் போடும் குத்து. அவருடைய இடது ஜாப் மற்றவர்களின் வலது கை அளவுக்குக் கனமாக விழும். ஃப்ளாய்ட் பாட்டர்சனை 1962-லும் 1963-லும் முதல் ரவுண்டிலேயே முடித்தார். ஜாப் வலித்தால் எதிராளி கிட்டே வரவே யோசிப்பார், யோசிக்கிறவரால் சண்டை போட முடியாது. கெனாடி கோலோவ்கின் 2008 முதல் 2016 வரை தொடர்ந்து 23 சண்டைகளை நாக்-அவுட்டில் முடித்தவர். அவருடைய காலைக் கவனியுங்கள். எதிராளியின் பின்னால் ஓடமாட்டார். எதிராளி போகப்போகிற பக்கத்தில் ஒரு எட்டு குறுக்கே வைத்து, ரிங்கை அரை ரிங் ஆக்கிவிடுவார். மூச்சுவிட இடம் இல்லாமல் பண்ணுவதுதான் அங்கே பயம்.

இன்னொரு வகைப் பயம் பேச்சிலேயே அடிபடாது. 1940-களில் சார்லி பர்லி என்று ஒருவர். பின்னாளில் உலகச் சாம்பியனான ஆர்ச்சி மூரையே 1944-ல் பாயிண்டில் ஜெயித்தவர், ஆனால் பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்புகூடக் கிடைக்காமல் ஓய்வு பெற்றார். அவரோடு ஆடினால் தோற்பது மட்டுமல்ல, மக்கு மாதிரித் தெரிய வேண்டியிருக்கும். அதனால் பெரிய பெயர்கள் ஒதுங்கிப் போனார்கள். மேனேஜர்கள் பயப்படுவது பெரும்பாலும் இந்த ரகத்துக்குத்தான்.

ஆக பலம், ஜாப், உடம்புக் குத்து, ரிங்கை அடைக்கிற கால், அடிக்குச் சிக்காத தலை, வாங்கினாலும் நிற்கிற திடம் என்று ஆறு இருக்கிறது. 4 அடி பேக் இதில் முதல் மூன்றைக் கொடுக்கும். நாலாவதைக் கொஞ்சம் கொடுக்கும். ஐந்தாவதைக் கெடுக்கும். ஆறாவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இனி சரக்கைப் பார்ப்போம்.

உறை விட்டம் சுமார் 14 அங்குலம். வாங்கியதும் பார்க்க வேண்டியது மேல்வாரைத்தான். வாரின் நுனி உறையின் விளிம்போடு நின்றுவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். குறைந்தது அரை அடி கீழே இறங்கி, பெட்டித் தையலாக, நடுவில் குறுக்குத் தையலோடு இருக்க வேண்டும். உறை கிழிகிற இடம் எப்போதும் குத்து விழுகிற நடுப்பகுதி அல்ல, இந்த வார்தான். அடுத்தது இரும்பு வளையம். வாய் வெல்டிங் வைத்து மூடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வெறுமனே வளைத்து விட்டிருந்தால் 35 கிலோ பேக்கின் உலுக்கலில் மெல்ல வாய் திறந்துகொள்ளும். ஜிப் வைத்த மூடியைவிட கயிறு கோத்துக் கட்டுகிற மூடி நல்லது, மறுபடி நிரப்பும்போது அருமை தெரியும். அடியில் ஒரு வளையம் இருக்கிற மாடலாகவே வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

நிரப்புவதில்தான் முக்கால்வாசிப் பேர் கெடுக்கிறார்கள். மணல் கொட்டுவது பெரிய பாவம். இரண்டு வாரத்தில் மணல் முழுக்க அடியில் இறங்கிக் கருங்கல்லாகிவிடும், மேலே காற்று மட்டும் இருக்கும். வயிற்றுக்கு என்று தாழ்வாகக் குத்துகிறவரின் மணிக்கட்டுதான் போகும். மரத்தூள், உமி இரண்டும் ஐப்பசி மழையில் ஈரம் குடித்துக் கட்டி தட்டும், உமியென்றால் எலி வேறு வரும். தேங்காய் நார் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், பிறகு தூளாகிப் புழுதி கிளப்பும்.

சரியான சரக்கு வெட்டுத்துணி. தையற்கடைகளில் மூட்டையாகவே கிடைக்கும். பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, பெரிய துண்டுகளை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். அரை அடிக்கு ஒரு அடுக்கு போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உலக்கையால் ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி இடிக்க வேண்டும். ஓரத்தை விட்டு நடுவில் மட்டும் இடித்தால் உறை முண்டும் முடிச்சுமாக நிற்கும். இந்த அளவு உறை கெட்டியாக இடித்தால் 30 முதல் 40 கிலோ வாங்கும். குத்துகிறவரின் எடையில் பாதி என்பது பழைய கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ. எடை போதவில்லை என்றால் 2 கிலோ மணலை இரட்டைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, சாக்கில் சுற்றி, பேக்கின் நட்டநடுவில், நாலு பக்கமும் துணி சூழ வையுங்கள். அப்படி இரண்டு பொட்டலத்துக்கு மேல் வேண்டாம். மாட்டி இரண்டு மூன்று வாரம் கழித்து மேலே நாலு விரல் இறங்கியிருக்கும். அப்போது இறக்கி, மேலே மட்டும் திணிக்காமல், பாதிவரை வெளியே எடுத்துப் போட்டு மறுபடி இடியுங்கள். சோம்பல் பட்டால் அடி கெட்டி, முடி மெத்தை என்றாகிவிடும்.

இப்போது மாட்டுகிற இடம். இந்த ஊரில் இதற்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வசதி, ஊஞ்சல் கொக்கி. பழைய வீடுகளில் பர்மா தேக்கு உத்திரத்தில் ஊடுருவி, மேலே திருகு வைத்து இறுக்கிய கொக்கிகள் இருக்கும். மூன்று பேர் உட்கார்ந்து ஆடியதைத் தாங்கிய கொக்கி இந்தப் பேக்கையும் தாங்கும். ஆனால் ஊஞ்சல் சீராக ஆடும், பேக் வெட்டி வெட்டி இழுக்கும். கொக்கியின் உள்வளைவில் சங்கிலி உரசித் தேய்ந்திருக்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் தொடாதீர்கள். கொக்கி இல்லாத இடத்தில், மெட்ராஸ் டெரஸ் கூரையின் செங்கல் சுண்ணாம்பில் துளை போட்டுப் போல்ட் முடுக்கவே கூடாது. பழைய சுண்ணாம்பு இந்த உலுக்கலைப் பிடித்து நிற்காது. உத்திரத்தைச் சுற்றி லாரிக்குக் கட்டுகிற அகலமான நைலான் பெல்ட்டைப் போட்டு, அடியில் சாக்குத் துண்டு கொடுத்துத் தொங்கவிடுங்கள். மரத்தில் தழும்பு விழாது, அப்பத்தாவிடம் வசவு கேட்க வேண்டியதும் இல்லை.

தொல்லை, உயரம். பட்டாலை என்கிற கூடத்திலும், வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிய பத்தியிலும் உத்திரம் 14, 15 அடியில் இருக்கும். கம்பெனி சங்கிலி ஒன்றரை அடிதான். மீதிக்கு நீங்கள் சங்கிலி சேர்க்க வேண்டும், சேர்த்தால் பேக் ஊசலாகிவிடும். கொக்கியில் இருந்து பேக்கின் நடுவரை ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒரு முறை போய்வர இரண்டரை வினாடி. அதுவே மூன்று மீட்டர் ஆனால் மூன்றரை வினாடி, வீச்சும் அகலம். தூண் இருக்கிற பத்தியில் அந்த வீச்சு ஆபத்து. சுற்றிலும் ஐந்தடி காலியாக இல்லாத இடத்தில் மாட்டவே வேண்டாம். அடி வளையம் கேட்டது இதற்குத்தான். சைக்கிள் டியூபை இரண்டாக மடித்து வளையத்தில் கட்டி, கீழே 20 கிலோ மணல் மூட்டையோடு இணைத்துவிட்டால் பேக் அடங்கும். முழுக்க இறுக்கிவிடாதீர்கள். பேக் ஒரு முழம் அளவாவது ஆடத்தான் வேண்டும்.

சங்கிலிக்கு ஒரு மார்க் கொடுத்ததன் காரணம் மெல்லிய கம்பியும் சுழல் கொக்கி இல்லாததும். சுழல் கொக்கி இல்லாவிட்டால் ஹுக் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) போடப் போட சங்கிலி முறுக்கி, உலுக்கலில் கண்ணி அறும். 10 எம்எம் கம்பியில் சங்கிலியும் ஒரு சுழல் கொக்கியும் தனியாக வாங்கிவிடுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் பித்தளை ஊஞ்சல் சங்கிலி பார்க்க அழகாக இருக்கும், இந்த வேலைக்கு அது ஆகாது. சங்கிலிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு கனத்த ஸ்பிரிங் மாட்டினால் உத்திரத்துக்கு உலுக்கல் குறையும், வீடு முழுக்க எதிரொலிக்கிற சலசலப்பும் குறையும்.

பேக்கின் அடிப்பாகம் தரையில் இருந்து இரண்டரை அடியில் நிற்கட்டும். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் வியர்வை சொட்டியதும் கண்ணாடியாக வழுக்கும். 6 அடிக்கு 6 அடி ரப்பர் மேட், கனம் 8 எம்எம் போதும். குழந்தைகள் விளையாடுகிற பஞ்சு மேட் வேண்டாம், கால் புதைந்தால் இடுப்பு திரும்பாது, கணுக்கால் பிசகும். முற்றத்தை ஒட்டி வெயில் படுகிற இடத்தில் மாட்டினால் ரெக்சின் வெடித்து உரியும்.

கிளவுஸ். ஓசியில் வருவது உள்ளே வெறும் ஸ்பாஞ்ச், பத்து நாளில் எலும்பு தட்டும். தொழில்முறைச் சண்டையில் வெல்டர்வெயிட் வரை பொதுவாக 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ். பேக்குக்கு அது போதாது. 60 கிலோவுக்குள் இருப்பவர் 12, அதற்கு மேல் 14 அல்லது 16 அவுன்ஸ் போட வேண்டும். உள்ளே நாலரை மீட்டர் ஹேண்ட்ராப், அதாவது கையில் சுற்றுகிற துணிப்பட்டை, கட்டாயம். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகள் மேல் மூன்று சுற்று, விரலிடுக்குகள் வழியாக ஒவ்வொரு முறை, மீதி திரும்ப மணிக்கட்டுக்கு. ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள்தான் பேக்கில் படவேண்டும். வீசி வீசி அடிப்பவருக்குச் சுண்டுவிரல் முட்டி முதலில் படும், உடைவது அதன் பின்னால் இருக்கிற எலும்பு.

இனிக் குத்துக்கு வருவோம். பேக் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துச் சந்தோஷப்படுவதுதான் முதல் தப்பு. தூரமாகப் போனால் நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள். நன்றாக விழுந்த குத்தில் பேக் பள்ளம் விழுந்து, நின்ற இடத்திலேயே துடித்து, சங்கிலி ஒரு முறை குதிக்கும். 1985-ல் இங்கிலாந்தில் ஃப்ராங்க் புருனோவைத் தொங்கவிட்ட இலக்கு ஒன்றில் குத்தவைத்து அளந்தார்கள். கை வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4096 நியூட்டன், எல்லாம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள். அந்தக் குறுகிய நேரம்தான் ரகசியம். பட்டவுடன் கை திரும்பி வர வேண்டும், படும் கணத்தில்தான் முஷ்டி இறுக வேண்டும். முதலிலிருந்தே இறுக்கிக்கொண்டு வருகிற கை மெதுவாகவே வரும். பலம் பின்னங்காலின் முன்பாதத்தில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, தோளில் முடிகிறது. குதிகால் தரையிலேயே ஒட்டியிருந்தால் நீங்கள் வெறும் கையால் குத்துகிறீர்கள்.

ஜாபுக்கு முழுசாக இரண்டு ரவுண்டு ஒதுக்குங்கள். ரவுண்டு 3 நிமிஷம், நடுவே 1 நிமிஷம் ஓய்வு. முன்னங்கால் அரை எட்டு வைக்கிற அதே நொடியில் ஜாப் விழவேண்டும். கால் முதலில், கை பிறகு என்று போனால் எதிராளிக்குத் தகவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பேக்கில் எதிராளியின் மூக்கு உயரத்தில் ஒரு டேப், தொண்டைக்குழி உயரத்தில் ஒரு டேப் ஒட்டி, மாறி மாறி அடியுங்கள். பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் கூடத்தில் பொம்மையில் எண்கள் எழுதி, எண்ணைச் சொல்லச் சொல்ல மைக் டைசனைக் குத்தவைத்ததும் இதே வேலைதான்.

இந்தப் பேக் மிகத் திறமாகச் சொல்லிக்கொடுப்பது உடம்புக் குத்தை. ஈரல் எதிராளியின் வலப்பக்கம் கடைசி விலாவின் கீழே, அதாவது உங்கள் இடது கைக்கு நேர். உயரம் அவர் முழங்கையை ஒட்டி. பேக்கின் இடது ஓரத்தில் அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள். இடது காலை அரைச் சாண் வெளியே வைத்து, முழங்கால் மடித்து இறங்கி, குத்து கீழிருந்து சற்று மேல்நோக்கிச் செருக வேண்டும். குனிந்து அடித்தால் கீழிருந்து மேலே வருகிற அப்பர்கட் வாங்குவீர்கள். இடது கை இறங்கும்போது வலது கை தாடையில் ஒட்டியே இருக்கட்டும். ஈரலில் விழுந்த அடி ஒரு நொடி கழித்துத்தான் வேலை செய்யும், ஆனால் மனவுறுதி அங்கே எடுபடாது. 2004-ல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் ஆஸ்கர் டி லா ஹோயாவுக்கு அந்த இடத்தில் ஒன்று வைத்தார். டி லா ஹோயா நினைவோடுதான் இருந்தார், எழுந்திருக்க முடியவில்லை. தலைக்கு நாக்-அவுட் வாங்கியவருக்கு நடந்தது பாதி ஞாபகம் இராது. ஈரலுக்கு வாங்கியவருக்கு முழுக்க ஞாபகம் இருக்கும். அடுத்த சண்டையில் அவர் முழங்கையைக் கீழே இறக்கியே ஆடுவார், தாடை திறந்துகொள்ளும்.

உயரமான உத்திரத்தின் நீண்ட ஊசல் கால் பழக்கத்துக்கு ஒரு நன்மை தரும். டியூபைக் கழற்றிவிட்டு பேக்கைப் பக்கவாட்டில் ஆட்டிவிடுங்கள். பின்னால் ஓடாமல், அது திரும்பி வருகிற பக்கம் ஒரு எட்டு குறுக்கே வைத்து, உங்களை நோக்கி வரும்போது குத்துங்கள். கோலோவ்கின் செய்த வேலையின் அரிச்சுவடி இது. எட்டு வைக்கும்போது கால்கள் குறுக்கிட்டுக்கொள்ளக் கூடாது.

பேக் கெடுப்பது தலையை. அது திருப்பி அடிக்காது, அதனால் குத்திவிட்டு அப்படியே நின்று ரசிக்கிற பழக்கம் வந்துவிடும். அது ஏமாற்றாது, சாயாது, பிடித்துக்கொள்ளாது. பேக்கில் பள்ளம் விழ அடிப்பதில் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு மேல் ஆள் இல்லை. 1973-ல் ஜோ ஃப்ரேசரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை கீழே போட்டவர். அடுத்த வருஷம் கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து கையாலும் தோளாலும் வாங்கிக்கொண்டே இருந்தார், ஃபோர்மன் களைத்துப்போனார், எட்டாவது ரவுண்டில் விழுந்தார். பேக் மட்டும் போதும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையைப் போட்டுக் காட்டலாம்.

தலைக்குத் தனி மருந்து வேண்டும், அதற்குச் செலவு இல்லை. வளவில் இரண்டு தூண்களுக்கு நடுவே தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். முழங்காலை மடித்துக் கயிற்றின் கீழாக இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தலையைக் கொண்டுபோய்க்கொண்டே முன்னே நடந்து, அதேபோல் பின்னே வரவேண்டும். பேக்குக்கு முன்னால் ஒரு ரவுண்டு, பின்னால் ஒரு ரவுண்டு. பேக்கிலும் ஒவ்வொரு கூட்டுக் குத்தும் தலை இடம் மாறியோ, காலால் விலகியோதான் முடியவேண்டும். வாங்கி நிற்கிற திடத்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. கழுத்துப் பயிற்சி ஓரளவு உதவும், மற்றதெல்லாம் கோச்சின் கண்பார்வையில், ஹெட்கார்டு, பல்கார்டு போட்டு ஆளோடு ஆள் மோதிப் பழகுகிற ஸ்பாரிங்கில்தான்.

15 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு இந்த 4 அடி பேக்கை வாங்காதீர்கள், 3 அடியில் 15 கிலோ போதும். மணிக்கட்டிலோ விரல் முட்டியிலோ பழைய அடி இருப்பவரும் இதைத் தவிர்க்கலாம். மற்றவர்கள் உறையை மட்டும் வாங்கி, கிளவுஸும் சங்கிலியும் வேறாக எடுங்கள். கிளவுஸ் இலவசம் என்று விலை ஏற்றி விற்கிற செட்டைத் தொடவேண்டாம். அடைமழைக் காலத்தில் வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் மேல் ஓரடித் துணியை எடுத்து உலர்த்திப் போட்டால் போதும். வாரில் நூல் பிரிந்திருப்பது தெரிந்தால் அன்றைக்கே பேக்கை இறக்கி, செருப்புத் தைக்கிறவரிடம் மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்டு வாங்கிவிடுங்கள்.